ஏழாவது பெயர்

"ஆறு பேருதான் இறந்தாங்கன்னு ரெக்கார்டு சொல்லுது. நீங்க ஏழுங்கறீங்க. யாருங்க ஐயா அந்த ஏழாவது ஆளு?"

கேப்டன் மயில்சாமி மூன்றாவது முறையாகக் கேட்டார். கட்டிலில் உட்கார்ந்திருந்த தனசிங் கால்களைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார். இரண்டு பாதங்களிலும் விரல்கள் இல்லை.

குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே, தேயிலைச் சரிவை ஒட்டிய சின்ன வீடு. பதினொரு மணியாகியும் மூடுபனி வாசலை விட்டுப் போகவில்லை. வெலிங்டன் ராணுவ முகாமிலிருந்து ஜீப்பில் வந்திருந்தார் கேப்டன். பழைய எல்லைச் சாவடி ஒன்றின் வரலாற்றை எழுதும் வேலை அவருக்கு. அறுபத்திரண்டாம் வருடச் சீனச் சண்டையில், இமயமலையில் இருந்த அந்தச் சாவடியை ஏழு பேர் காத்தார்கள். உயிரோடு திரும்பியவர் தனசிங் ஒருவர்தான். மற்ற ஆறு பேருக்கும் இருபத்திரண்டு வருடம் கழித்து இப்போது நினைவுக்கல் வைக்கிறார்கள். திறந்துவைக்க வேண்டியவர் தனசிங்.

சாவடியைப் பற்றி அவர் அருமையாகவே சொல்லிக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு வியாபாரிகளை நிறுத்தி வரி வாங்கக் கட்டிய கல் வீடு அது. சுதந்திரத்துக்குப் பிறகு பட்டாளம் வந்தது. நம் ஊர் ஆட்கள் அதற்கு 'மூக்குப்பாறை' என்று பேர் வைத்தார்கள். ஒரு குவளை டீக்குப் பனிக்கட்டியை அரை மணி நேரம் உருக்க வேண்டும். எல்லாம் ரெக்கார்டோடு அச்சாகப் பொருந்தியது. இறந்தவர்களை எண்ணும்போதுதான் குழப்பம்.

"அந்த ஏழாவது ஆளோட பேரு?"

"சொன்னான் சார். என் வாயில நொழையல."

"ஒண்ணா இருந்திருக்கீங்க, பேரு தெரியாதா?"

"எங்களுக்குத் தமிழு. அவம் பேசுனது எங்க யாருக்கும் புரியலீங்க. சண்டை ஆரம்பிச்ச ரெண்டாம் நாளு பனியில வழி தெரியாம வந்து கதவத் தட்டுனான். வெரலெல்லாம் வெறைச்சுப் போயிருந்துச்சு. உள்ள இழுத்துப் போட்டோம். அடுப்புப் பத்த வெக்கறதுல கெட்டிக்காரன். இருந்த ரொட்டிய எட்டாப் பிச்சுத் தின்னோம்."

"கூர்க்காவா இருப்பாரோ?" என்று கேட்டுவிட்டு, கேப்டன் ஃபைலைப் புரட்டினார். "ஆனா அந்தப் பக்கம் கூர்க்கா பட்டாளமே இல்லீங்களே! சுத்துவட்டாரத்துல எந்தப் பட்டாளக் கம்பெனியிலயும் ஆள் குறையல. சுமைதூக்கியா?"

"இல்லீங்க. துப்பாக்கி வெச்சிருந்தான்."

கேப்டன் பேனாவை மூடினார். அப்போது தனசிங்கின் மனைவி தபித்தாள் டீயும் வர்க்கியும் கொண்டுவந்து வைத்தாள்.

"அவரு சொல்றத எழுதாதீங்க சார். குளிர்ல கண்டதையெல்லாம் பாத்திருக்காரு. டாக்டரே அப்பிடித்தான் எழுதியிருக்காரு. கல்லுல ஆறு பேருன்னே வெட்டிருங்க."

உண்மைதான். 'கடும் குளிரில் மதி மயங்கியிருந்தது' என்று ஆஸ்பத்திரிக் காகிதம் ஃபைலிலேயே இருந்தது. ஆனால் ரொட்டியை எட்டாகப் பிய்த்ததை நினைவு வைத்திருக்கும் மனிதரை எப்படி மதி மயங்கியவர் என்பது?

"சரிங்க ஐயா, நாலாம் நாள் குண்டு விழுந்துச்சு. ஆறு பேரு போயிட்டாங்க. அவுரும் அங்கயேதான் செத்தாரா?"

"இல்லீங்க. கீழ, நம்ம கேம்ப்பு வாசல்ல."

கேப்டன் ஃபைலை மறுபடி புரட்டினார். "கேம்ப்புக்கு வந்து சேந்தது நீங்க மட்டும்தானே? பதினோரு மைல் பனியில தன்னந்தனியாத் தவழ்ந்து வந்தீங்கன்னுதானே உங்களுக்கு மெடலே குடுத்தாங்க?"

தனசிங் கம்பளியை விலக்கிப் பாதங்களை வெளியே நீட்டினார். "இந்தக் காலு பதினோரு மைல் வருமுங்களா சார்?"

தபித்தாள் பதறிப்போனாள். "ஏனுங்க, வேண்டாமுங்க! இத்தன வருசம் வாயத் தொறக்காம இருந்தாச்சு. மெடலயும் பென்சனயும் புடுங்கீருவாங்க. இந்தக் காலோட எங்க போவீங்க?"

"போனாப் போகுது தபித்தா. இத்தன நாளு யாரும் கேக்கல, நானும் சொல்லல. இப்பக் கல்லத் தொறந்து வெக்கச் சொல்றாங்க. அவனை உட்டுப்போட்டு அதுமேல கை வெக்க என்னால ஆகாது."

கேப்டன் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"ஒரு பகல், ஒரு ராத்திரி சார். அவந்தான் என்னய முதுகுல சொமந்துட்டு வந்தான். வழியெல்லாம் என்னமோ பேசிக்கிட்டே வந்தான், நான் தூங்கிப் போயிரக் கூடாதுன்னு. கேம்ப்பு வெளக்கு தெரியற எடத்துல என்னய மெதுவா எறக்கிப் படுக்க வெச்சான்."

"எதிரி பின்னாலயே வந்து சுட்டுட்டானுங்களா?"

தனசிங் இல்லை என்று தலையசைத்தார்.

"ரெண்டு கையயும் தூக்கிட்டுத்தான் நின்னான். வாசல்ல காவலுக்கு நின்ன நம்ம சென்ட்ரிதான் சுட்டாரு. சத்தம் போட்டுத் தடுக்க எனக்குத் தொண்டையில சீவன் இல்ல. சென்ட்ரியையும் குத்தஞ்சொல்ல முடியாதுங்க சார், அவம் போட்டிருந்தது சீனாக்காரன் உடுப்பு."