வாசலில் பச்சை

பக்கத்து வீடுகளைவிடத் தண்ணீர் குறைவாகச் செலவழித்தால் வாசலில் பச்சை விளக்கு எரியும். கூடினால் சிவப்பு. நகராட்சி அபராதமெல்லாம் போடுவதில்லை. தெரு பார்க்கும், அவ்வளவுதான். சிவப்பிலேயே மானம் போய்க்கொண்டிருந்த பூரணியின் வாசலில் இன்று சாயங்காலம் பளிச்சென்று பச்சை விழுந்தது. எதிர்வீட்டுக்காரி கைகூடத் தட்டினாள். பூரணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த நேரம் பார்த்து மகள் மேகலா போன் செய்தாள்.

"நமக்குப் பச்சைடீ. தெருவே வந்து பாத்துட்டுப் போகுது."

"சந்தோஷம்மா. நான் நாளைக்கே அங்க வந்துரட்டுமா?"

வளைகாப்பு முடிந்த பெண், பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டியவள்தான். ஆனால் வெந்நீர்க் குளியல், பிள்ளைத்துணி அலசல் என்று எவ்வளவு தண்ணீர் போகும்? பூரணி விளக்கை நிமிர்ந்து பார்த்தாள்.

"கொஞ்ச நாள் கழிச்சு வாயேன் கண்ணு. இப்பதான் பச்சை வந்திருக்கு. உங்க அத்தை உன்னை நல்லாத்தானே பாத்துக்கிறாங்க?"



"என்னாலதான் இங்க சிவப்பு எரியுதாம். அத்தை என் பையெல்லாம் கட்டி வாசல்ல வச்சுட்டாங்கம்மா."