கீழே வைக்கும் வரை

வெளிநாட்டு ஆராய்ச்சிக்காகத் துறைமுகக் கிடங்கில் கப்பலுக்குக் காத்திருந்த குரங்குகளுக்கு அம்புரோஸ்தான் காவல். கூண்டுக்குள் ஒரு தாய்க்குரங்கு, செத்துப்போன குட்டியை மூன்று நாளாக மார்போடு அணைத்துக்கொண்டிருந்தது.

"புடுங்கிடட்டுமா, டாக்டரே?"

"தொடாதே. பிடுங்கினா அது சாப்பாட்டையும் விட்டுடும். தானாத்தான் கீழே வைக்கும்" என்றார், பரிசோதிக்க வந்த கால்நடை டாக்டர்.

"எத்தினி நாளாவும்?"

"ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாசமும் ஆகலாம்."

"அதுவரிக்கும் நாம இன்னா பண்றது?"

"சும்மா இருந்தாப் போதும். அதோ பார், இன்னொரு குரங்கு பக்கத்துல உக்காந்து பேன் பார்க்குது. அதைவிட ஆறுதல் கிடையாது."

அம்புரோஸ் தயங்கினான். "ஆம்பளக் கொரங்கும் பாக்குமா?"

"பார்க்குமே! உனக்குக் குரங்குமேல இவ்வளவு பாசமா?" டாக்டர் சிரித்தார்.

சாயங்காலம், கல்மண்டபம் பகுதியிலிருந்த தன் வீட்டு வாசலிலேயே மாமியார் சிலுவையம்மாள் அவனை மறித்தாள்.

"கொயந்தையப் பொதைச்சு பத்தொம்பது நாளாச்சு மாப்ளே. இன்னும் காலித் தூளிய ஆட்டிகினு கீறா. நீயே அவுத்துப் போட்டுடு."

"வாணாம் அத்தே. அவளே அவுப்பா."

உள்ளே போய் மனைவி ஐரீனின் பின்னால் உட்கார்ந்தான். சிக்குப் பிடித்த கூந்தலைப் பிரித்து, முரட்டு விரல்களால் பேன் பார்க்கத் தொடங்கினான்.

ஒரு பக்கத் தலையைப் பார்த்து முடித்தபோது அவள் வாய் திறந்தாள். குழந்தையின் அடக்கத்துக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

"ஆம்பள பண்ற வேலையா இது?"

"ஆம்பளயும் பாக்கலாம்னு டாக்டரு சொன்னாரு."

தூளியை ஆட்டிக்கொண்டிருந்த கை, அதை விட்டுவிட்டு அவன் முழங்காலைப் பற்றியது.