தள்ளி உட்காரு

கதவைப் பாதி மட்டும் திறந்து, "ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே, அண்ணி" என்றாள் தம்பி பெண்டாட்டி.

அக்காவுக்குச் சுருக்கென்றது. கூடப் பிறந்தவன் வீட்டுக்கு வர இவள் அனுமதி வேறு வேண்டுமா? சிறுநீரகக் கல்லுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தானாம். அதுவே யார் யாரோ சொல்லித்தான் காதுக்கு எட்டியது. ஆறு மாதக் கர்ப்பிணி மகளையும் கூட்டிக்கொண்டு அடித்துப் பிடித்து ஓடி வந்தால், இந்த வரவேற்பு.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், ஹால் மூலையில் ஒற்றை நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தான். பாதியாய் இளைத்திருந்தான். பக்கத்தில் ஒரு ஸ்டூல்கூட இல்லை. சோபாவை எதிர்ச் சுவரோரம் தள்ளிப் போட்டிருந்தாள். அவனுக்குத் துண்டு தனி, தட்டு தனி. கட்டினவனை இப்படியா ஒதுக்கி வைப்பாள்? அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா..." என்று மகள் அவனிடம் போனாள். சின்ன வயதில் அவன் தோளிலேயே கிடந்தவள்.

தம்பி பெண்டாட்டி குறுக்கே பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கிட்டப் போகாதே. வெளிய போ."

அவ்வளவுதான், அக்கா பொரிந்து தள்ளிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து மனசில் போட்டு வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. கடைசியில் சொல்லக் கூடாததையும் சொன்னாள்.

"ஒண்ணு பெத்திருந்தா தெரியும், பிள்ளைத்தாச்சிகிட்ட எப்படி நடந்துக்கணும்னு. வயித்தெரிச்சல்டி உனக்கு."

அவள் முகம் செத்துப்போனது. புருஷனையே பார்த்தாள்.

"நிறுத்துக்கா" என்றான் தம்பி. "கல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல. புராஸ்டேட்ல புற்றுநோய். எலும்பு வரைக்கும் பரவிடுச்சு. நேத்து ஏத்தினது புது மருந்து, கதிர்வீச்சு உள்ளது. கட்டி எங்க இருந்தாலும் தேடிப் போய்த் தாக்குமாம். ஆனா கொஞ்ச நாளைக்கு என் உடம்புலேர்ந்தும் கதிர் வரும். பிள்ளைத்தாச்சி பக்கத்துலயே வரக் கூடாது. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு இவகிட்ட சத்தியம் வாங்கினவன் நான்."

என்ன வார்த்தை சொல்லிவிட்டோம் என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. "என்னை மன்னிச்சிடும்மா" என்று தம்பி பெண்டாட்டியின் கையைப் பிடிக்கப் போனாள்.

அவள் கையை விலக்கிக்கொண்டாள்.

"அண்ணி, முதல்ல இவளை வெளிய கூட்டிட்டுப் போங்க. அப்புறம் நிதானமா என்னைத் திட்டிக்கலாம்."