குரல் மட்டும் வரவில்லை

மாலை வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து, தங்கை தேய்த்து அடுக்கும் சட்டைகளின் மேல் விழுகிறது. சிறுவயதில் மந்திரம் கற்கப் போன அக்கா இன்றுதான் வீடு திரும்பியிருக்கிறாள். தெருவே எழுந்து நின்று அவளுக்கு வழிவிட்டது. இப்போது அவள் விரலை அசைக்க, இறந்துபோன அம்மா அந்த வெயிலில் உருவாகி நிற்கிறாள். ஈரக் கையைத் துடைத்துக்கொள்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. “எல்லாம் வருதுடி. குரல்தான் வரல. எனக்கு மறந்தே போச்சு,” என்கிறாள் அக்கா. மந்திரம் ஒன்றும் அறியாத தங்கை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிறாள். இடுப்பில் கைவைத்து, அம்மா அக்காவுக்கு வைத்த செல்லப்பெயரோடு, அம்மாவைப் போலவே இழுத்துச் சொல்கிறாள்: “ஏ குருவி, கால கழுவாம உள்ள வராதன்னு எத்தன தடவ சொல்றது?” அக்காவின் கை தளர்கிறது. வெயிலில் நின்ற உருவம் கலைகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா குழாயடிக்கு நடக்கிறாள்.