உச்சிவெயில் ஆய்வு

காசியம்மாள் செருப்பைக் கழற்றி வேப்பமரத்தடியில் விடுவதை அருணாதேவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

சித்திரை மாதத்து உச்சிவெயில். கிரிவலப் பாதையில் அந்த மரத்தடியிலிருந்து கொஞ்ச தூரத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்திருந்தது. பார்த்தாலே கண் கூசியது.

வெயிலை உள்வாங்காத பூச்சு என்று விற்க வந்தவர்கள் சொன்னதை நம்பி, அதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தவள் அருணாதேவி. கவுன்சிலராகி அவள் கொண்டுவந்த முதல் தீர்மானம். பூச்சு இருந்தால் போதும், பகலில் தண்ணீர் ஊற்றும் லாரியும் வேண்டாம், தேங்காய்நார் விரிப்பும் வேண்டாம் என்று மன்றமும் கை தூக்கிவிட்டது.

கை தூக்காதவள் காசியம்மாள். எதிர்க்கட்சி. இருவருக்கும் எலிக்கும் பூனைக்கும் உள்ள பொருத்தம். விதியைப் பாருங்கள், மன்றத்தின் முடிவுகளைச் சரிபார்க்கும் ஆய்வுக் குழுவுக்கு இந்த வருஷம் அவள்தான் தலைவி.

நாளை மறுநாள் பௌர்ணமி. பகலிலேயே ஜனம் வெறுங்காலோடு நடக்கத் தொடங்கிவிடும். குழு சரி என்றால் தண்ணீர் லாரி நின்றுபோகும். சரியில்லை என்றால் அருணாதேவியின் பெயர் கெடும்.

வெறுங்காலோடு நடந்து பார்க்கும் சோதனைக்கு வாய்த்த இடம் அக்னி லிங்கம் பக்கம். ஊர் கேலிக்கு வேறென்ன வேண்டும்?

காசியம்மாள் என்ன செய்வாள் என்று அருணாதேவிக்குத் தெரியும். இரண்டடி வைத்ததும் ஐயோ என்று துள்ளுவாள். அதற்குப் பதிலும் தயாராக இருந்தது. நடிப்பு, எல்லாம் அரசியல்.

ஆனால் காசியம்மாள் நடந்தாள்.

சேலையை லேசாகத் தூக்கிச் செருகிக்கொண்டு, சந்தைக்குப் போகிறவள் மாதிரி நிதானமாக நடந்தாள். பூச்சு முடிகிற இடம்வரை போனாள். அங்கே கொஞ்சம் நின்றாள். அதே நடையில் திரும்பி வந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

பொறியாளர் மணிவேலுக்கு வாயெல்லாம் பல். குழு உறுப்பினர் சக்கரவர்த்தி கையெழுத்துப் போடப் பேனாவையே திறந்துவிட்டார்.

அருணாதேவிக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது. துள்ளியிருக்கலாமே இவள்! ஒரு பொய் சொல்லியிருந்தால் என் கதை முடிந்திருக்குமே. ஜென்ம விரோதிக்குள் இப்படி ஒரு நேர்மையா என்று பிரமித்துப் போனாள். யோசிக்காமலே கை கும்பிட்டுவிட்டது.

"ரொம்ப நன்றிங்கக்கா," என்றாள். அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

காசியம்மாள் கும்பிடவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மடக்கித் தூக்கி, உள்ளங்காலை அவள் பக்கம் திருப்பினாள்.

"இரும்மா. எனக்குச் சர்க்கர ஜாஸ்தி. ரொம்ப நாளா கால்ல ஒண்ணும் தெரியறதில்ல. சுட்டுச்சா இல்லயான்னு நீயே பாத்துச் சொல்லு. நான் சொன்னா நடிக்கிறேன்னுவீங்க."

அருணாதேவி குனிந்தாள்.

குதிகால் தோல் வெளுத்து எழும்பியிருந்தது. பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் உடைந்து நீர் கசிந்தது.

கால் வெந்தாலும் தனக்குத் தெரியாது என்று தெரிந்தேதான் நடந்திருக்கிறாள். போய், நின்று, திரும்பியும் வந்திருக்கிறாள்.

சக்கரவர்த்தி பேனாவும் கையுமாக அருணாதேவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தன் காலில் செருப்பு இருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பூச்சு அடித்த நாளிலிருந்து ஒரு பகலிலும் அவள் அதை இங்கே கழற்றியதில்லை.

"லாரிய வரச் சொல்லுங்க," என்றாள் மணிவேலிடம். "சீக்கிரம். மொதல்ல அக்கா கால்ல ஊத்தணும்."