மறதி வருமுன்

டாக்டரம்மா மூன்று பொருள்களின் பெயரைச் சொன்னார். மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன் என்றார்.

சாவி, தேங்காய், குடை.

என் வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது. பின்னால் நின்ற காசியம்மா அக்கா தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். கால் நின்றது. பிறகு மறுபடியும் ஆடியது.

அன்று நான் கடலுக்குப் போகவில்லை. திருவேட்டக்குடியில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் காரைக்கால் வந்து, கிளினிக் கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். தனியாக விட மனமில்லாமல் அக்காவும் கூட வந்துவிட்டாள். என்னைவிடப் பெரியவள். என் வீட்டுக்கு அடுத்த வீடு.

டாக்டரம்மா என் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். கூடுதலாக இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது மறதி நோய் இருந்ததா என்று கேட்டார்.

அம்மாவைச் சொன்னேன். கடைசிக் காலத்தில் அம்மா இல்லாத கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு மீன் விற்கக் கிளம்புவாள். வழி மறித்து நிற்கும் என்னைப் பார்த்து, நீங்க எந்த ஊருங்க என்று மரியாதையாகக் கேட்பாள்.

அம்மாவுக்கு வந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்றில்லை என்றார் டாக்டரம்மா. பிரஷரைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். சர்க்கரை பார்க்க வேண்டும். கருவாடும் ஊறுகாயும் குறைய வேண்டும். மீனைப் பொரிக்காமல் குழம்பில் போட்டுச் சாப்பிடலாம். கீரை வேண்டும், நடை வேண்டும், நல்ல தூக்கம் வேண்டும், நாலு பேரோடு பேச்சு வேண்டும். பீடியும் குடியும் கூடவே கூடாது. இதெல்லாம் செய்தால் வராது என்று எழுதித் தர முடியாது. வாய்ப்பு குறையும், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் எனக்குப் போதவில்லை.

பீடியை விட்டுவிட்டேன், குடியையும் விட்டுவிட்டேன் என்றேன். விடிந்ததும் கரையோரமாக நடக்கிறேன். படிப்பகத்தில் பேப்பரை விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிக்கிறேன். இன்னும் என்ன செய்யலாம், மாத்திரை ஏதும் உண்டா, ஊசி உண்டா என்று கேட்டுக்கொண்டே போனேன்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஊர்ல உள்ளவனெல்லாம் மறக்கணும்னு குடிக்கிறான் டாக்டரம்மா. மறந்துடக் கூடாதுன்னு குடிய விட்டவன் இவன் ஒருத்தன்தான். அதுவும் நம்ம காரைக்கால்ல, விக்கிற மலிவு விலைக்கு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

இப்போது அந்த மூன்று பொருள்களையும் சொல்லுங்கள் என்றார்.

சாவி என்றேன். குடை என்றேன். அதற்கு மேல் வரவில்லை. எழுந்து ஜன்னல் வரை போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் தேங்காய் வந்தது.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிழமை, தேதி, மாதம் எல்லாம் கேட்டார். சரியாகச் சொன்னேன். கடலில் வழி எப்படித் தெரியும் என்று கேட்டார். கலங்கரை விளக்கமும் கோவில் கோபுரமும் ஒரே கோட்டில் வந்தால் அடியில் வலையைக் கிழிக்கிற பாறை இருக்கிறது என்று அர்த்தம், கொஞ்சம் தெற்கே விலகினால் மணல் என்றேன். இவ்வளவு நினைவு இருக்கிறவருக்கு நோய் எதுவும் இல்லை, கவலையும் தூக்கக் குறைவும்தான் என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார். பிரஷருக்கு மட்டும் மாத்திரை எழுதியிருந்தார்.

நான் எழுந்திருக்கவில்லை.

கதவுக்கு வெளியே அடுத்த ஆள் செருமினார். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

இப்படி ஓடி வருகிற அளவுக்கு அப்படி எதைத்தான் மறந்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

ஒரு மச்சம் என்றேன். நேற்று வலை இழுக்கும்போது நினைத்துப் பார்த்தேன். கன்னத்தில் மச்சம் இருந்தது நன்றாகத் தெரிகிறது. வலது கன்னமா இடது கன்னமா என்றுதான் தெரியவில்லை.

யார் கன்னத்தில் என்று கேட்டார்.

காவ்யா என்றேன். என் மகள்.

போட்டோவைப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது, இதற்கா இத்தனை பதற்றம் என்று ஆரம்பித்தவர், எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

போட்டோ இல்லை. அவளுக்கு முன் பிறந்தவை தங்கவில்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்து, ஐந்து வயது முடியும்வரை இவளைக் கேமரா முன்னால் நிறுத்துவதில்லை என்று என் மனைவி நேர்ந்துகொண்டிருந்தாள். கல்யாண வீட்டில் வீடியோக்காரர் விளக்கைத் திருப்பினால், முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடிவிடுவாள். தை பிறந்தால் ஐந்து முடியும், ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்று பட்டுப்பாவாடை எடுத்து வைத்திருந்தோம்.

மார்கழியில் சுனாமி வந்துவிட்டது. கரையில் இருந்த மனைவியும் மகளும் போனார்கள். ஆழக்கடலில் இருந்த எனக்கு, அந்த அலை படகுக்கு அடியில் கடந்து போனதுகூடத் தெரியவில்லை.

அந்த முகம் இப்போது என் தலைக்குள்ளும், அவளைத் தூக்கி வளர்த்த அக்காவின் தலைக்குள்ளும் தவிர வேறு எங்கும் இல்லை என்றேன்.

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"நீங்க தூக்கி வளர்த்த பிள்ளைதானேம்மா. சொல்லுங்க, எந்தப் பக்கம்?"

இது ஒரு கேள்வியா என்பதுபோல அக்கா சட்டென்று கையை உயர்த்தினாள். முகத்துக்கு நேராக வந்த கை, எந்தக் கன்னத்துக்கும் போகாமல் அங்கேயே நின்றது.