இருபத்துமூன்றாம் இலக்கக் கிணறு

"ரெண்டு இலக்கத்தை மாத்தினால் விஷயம் முடிஞ்சுது. ஆருக்குத் தெரியப்போகுது?"

ஆய்வுகூடத் தலைவர் குகதாசன் சேர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

கஜந்தினி தன் குறிப்புக் கொப்பியை அவருடைய மேசையில் விரித்து வைத்தாள். நீர்வேலியில் அறுபது கிணறுகளின் தண்ணீரைப் பரிசோதித்து, எது குடிக்கலாம், எது கூடாது என்று பட்டியல் போட்டது அவள்தான். அதை இணையத்தில் ஏற்றி, ஊர் வாசிகசாலைச் சுவரிலும் ஒட்டி ஒரு மாதமாகிறது.

இன்று காலைதான் கண்டாள். 23ஆம் போத்தலும் 32ஆம் போத்தலும் பதியும்போது மாறிப்போயிருந்தன. குடிக்கலாம் என்று அவள் எழுதிய 23இல் தோட்டத்து உரம் ஊறி, கைக்குழந்தைகளுக்கு நஞ்சாகும் நைத்திரேற்று அளவுக்கு மேலே நின்றது.

"சேர், அந்தத் தண்ணியைச் சனம் குடிக்குது."

"குடிக்க வேண்டாமெண்டு ஆளனுப்பிச் சொல்லுவம். தண்ணி இப்பதான் பழுதாப்போச்சு எண்டால் சரி. பிழை விட்டனாங்கள் எண்டு ஏன் பிள்ளை ஊரைக் கூட்டிச் சொல்லோணும்? பேந்து மற்ற ஐம்பத்தெட்டையும் ஆர் நம்புவான்? அடுத்த வருஷ ஆய்வும் இல்லை, ஒண்டுமில்லை."

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. என்றாலும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே 23ஆம் கிணற்று வீட்டுக்குப் போனாள்.

கோபிகா தோளில் குழந்தையோடு படலைக்கு வந்தாள். மூன்று மாதக் குழந்தை.

"வாங்கோ மிஸ்."

"கோபிகா, பிள்ளைக்குப் பால்மா எந்தத் தண்ணியிலை கரைக்கிறனீங்கள்?"

"எங்கடை கிணத்துத் தண்ணிதான். நீங்கள்தானே நல்லதெண்டு எழுதினனீங்கள்?"

"பிழையா எழுதிப்போட்டன். போத்தல் மாறிப்போச்சு. பிழை என்ரைதான்."

கோபிகாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"கொதிக்க வைச்சுத்தானே மிஸ் குடுக்கிறன்?"

"கொதிச்சாலும் உது போகாது. உடனை ஆஸ்பத்திரிக்குப் போவம்."

ஓட்டோவில் கோபிகா முன்னே போனாள். கஜந்தினி பின்னால் போய், வார்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தாள். இரத்தப் பரிசோதனை முடிய இரண்டு மணித்தியாலம் ஆனது. அவ்வளவு நேரமும் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கோபிகா வெளியே வந்தாள். முகம் சிவந்து கிடந்தது.

"பிள்ளைக்கு ஒண்டுமில்லையாம். ஆனால் இனி எங்கடை வீட்டு ஒழுங்கைப் பக்கம் வராதேங்கோ."

அன்று பின்னேரம் வாசிகசாலையில் ஊரைக் கூட்டிப் பிழையைச் சொன்னாள். அங்கும் அதே கதைதான்.

32ஆம் கிணற்றுக்காரர் வாகீசன் எழும்பினார். "ஒரு மாசம்! வீட்டிலை நல்ல தண்ணியை வைச்சுக்கொண்டு, தண்ணிப் பவுசருக்குப் பின்னாலை வாளியோடை நிண்டனான்!"

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

"அப்ப மற்றதெல்லாம் சரியெண்டு என்ன நிச்சயம்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"நிச்சயம் சொல்ல மாட்டன். எல்லாத்தையும் திரும்பப் பாக்கிறன்," என்றாள் கஜந்தினி. "என்ரை குறிப்புக் கொப்பியைப் பக்கம் பக்கமாப் படமெடுத்து இணையத்திலை போட்டிருக்கு. ஆரும் பாக்கலாம், ஆரும் பிழை பிடிக்கலாம்."

சுவரில் இருந்த பட்டியலை அவள் கிழிக்கவில்லை. பிழையான இலக்கங்களைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, திகதி போட்டுத் தன் பெயரையும் எழுதினாள். இணையத்திலும் அப்படியே செய்தாள்.

மற்ற ஐம்பத்தெட்டையும் மறுபடி பரிசோதித்தாள். அதற்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது ஒருவரும் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வேறு பிழை ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அதையும் ஒட்டிவிட்டு வந்தாள். அதை நின்று வாசித்தவர்களும் இல்லை.

குகதாசன் சேர் ஏசவில்லை. "நான் அப்பவே சொன்னனான்," என்பதோடு விட்டுவிட்டார்.

மூன்றாம் கிழமை, ஆய்வுகூடக் கேற்றிலிருந்து காவலாளி தொலைபேசி எடுத்தார். "மிஸ், ஆரோ ஒரு பொம்பிளை கைக்குழந்தையோடை வந்து நிக்கிறா. உங்கடை பேரைச் சொல்லுறா."

கஜந்தினி படிகளில் ஓடி இறங்கினாள். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ? சேரும் கூடவே இறங்கி வந்தார்.

கோபிகாதான். குழந்தை அவள் தோளில் நல்ல நித்திரை. பின்னால் நின்ற ஓட்டோ நிறையப் போத்தல்கள்.

"எங்கடை ஒழுங்கையிலை விடுபட்ட கிணறுகள் மிஸ். மற்றது பக்கத்து ஊர்க் கிணறுகளும். எல்லாமா நாற்பத்தொண்டு. மாறாமல் இருக்க ஒவ்வொரு கிணத்துக்கும் ரெண்டு போத்தல். பேர், திகதி எல்லாம் ஒட்டிப்போட்டன்."

கஜந்தினி ஒரு போத்தலை எடுத்து, ஒட்டியிருந்த பேரை வாசித்தாள். சேர்தான் கேட்டார்.

"தங்கச்சி, உங்கடை பிள்ளையின்ரை உயிரோடை விளையாடின இடம் இது. தண்ணி பாக்கிற வேறை இடங்களும் இருக்குத்தானே?"

"ஓம் சேர். ரெண்டு இடத்துக்குப் போனனான். 'நீங்கள் எப்பவாவது பிழை விட்டிருக்கிறியளோ' எண்டு கேட்டன். ரெண்டு இடத்திலையும் ஒரு நாளும் விட்டதில்லையெண்டு சொல்லிச்சினம்."

கோபிகா குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அதுதான் சேர், பயந்துபோய் இஞ்சை கொண்டு வந்தனான்."